பணப்பை பறிபோனால் செய்ய வேண்டுவன

முத்துக்குளித்துறையின் பழைய வழக்கம் ஒன்றை நம் அங்கத்தினர்களில் வயதில் மூத்தோர் அறிவர். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பே இறுதியானது. சலாபத்தில் இறங்குபவன் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கடலடிக்குச் செல்வான். அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைத் தோணியில் இருப்பவன் பிடித்திருப்பான். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருப்பது நல்லது என்று இக்கரையில் வழிவழியாகச் சொல்வார்கள். மூச்சு முட்டியதும் அடியில் இருப்பவன் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் உடனே இழுப்பான். சுண்டாமல் இருந்தால் எத்தனை நல்ல மைத்துனனாலும் பயன் இல்லை. அவனுக்கு விஷயம் தெரியாதே!

பணப்பையைப் பறிகொடுத்தவர்களின் நிலையும் இதுவே. நம்மைக் காக்க வங்கி இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, சங்கமும் இருக்கிறது. ஆனால் கயிற்றை முதலில் சுண்ட வேண்டியவர் பறிகொடுத்தவரே. அதை எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமக்கு நேர்ந்தது

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் எம் அனுபவத்தைச் சொல்லிவிடுவது நேர்மை. ஒரு வருஷம் ஆகஸ்டு 5ஆம் தேதி, பனிமய மாதா பேராலயத் திருவிழாவின் நிறைவு நாள். ஜூலை 26இல் கொடியேறி அன்றோடு முடிகிற அந்த விழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் திரள்வது ஊரறிந்தது. நெரிசலில் புகுந்து வெளியே வந்து, பஸ் ஏறி, கண்டக்டரிடம் சீட்டு வாங்கக் கை வைத்தபோதுதான் சட்டைப் பை காலியாக இருப்பது தெரிந்தது.

பணம் இரண்டாயிரத்துச் சொச்சம். அதைப் பற்றி அதிகம் வருந்தவில்லை. பையில் ஏ.டி.எம். அட்டை, ஆதார் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவை இருந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டாரின் சங்கிலியைச் சங்கத்தில் ஈடு வைத்து நூல் வாங்கக் கடன் பெற்றிருந்தோம். அந்த நகைக்கடன் ரசீதும் அதில் இருந்தது. மறுநாள் வட்டி கட்டலாம் என்று எடுத்து வைத்தது.

அப்போது நாம் செய்த பிழை யாது? வெட்கப்பட்டோம். பஸ்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்களே என்று பேசாமல் இறங்கி, நடந்த வழியெல்லாம் திரும்ப நடந்து தேடினோம். வீட்டுக்குச் சென்று எப்படிச் சொல்வது என்று கடற்கரையில் சற்று உட்கார்ந்தோம். இவ்வாறு இரண்டு மணி நேரம் கழிந்தது. அந்த இரண்டு மணிக்குள் எம் அட்டையைக் கடை இயந்திரத்தின் மீது ஒருவன் தட்டி ரூ. 4,800க்குப் பொருள் வாங்கிவிட்டான். இரகசிய எண் தேவைப்படவில்லை. பின்னர் நாம் வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்திய பிறகு அவன் மறுபடி முயன்றான், அது மறுக்கப்பட்டது. பின்னதால் எமக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. முன்னதற்காக எழுத்து மூலம் முறையிட்டுப் பல நாள் அலைய நேர்ந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரே ஒரு தொலைபேசி அழைப்புத்தான்.

முதல் வேலை: அட்டையை நிறுத்துதல்

பை போய்விட்டது என்று தெரிந்தவுடன், தேடுவதற்கு முன்பே, அட்டையை நிறுத்திவிட வேண்டும். பிறகு பை கிடைத்தாலும் கெடுதல் இல்லை. புது அட்டை வாங்கிக்கொள்ளலாம். தாமதித்தால் ஈடு செய்ய முடியாது.

இப்போதுள்ள அட்டைகளில் பெரும்பாலானவை தட்டினாலே பணம் செலுத்தும் வசதி உடையவை. 2021 ஜனவரி 1 முதல் ஒரு தடவைக்கு ரூ. 5,000 வரை இரகசிய எண் இல்லாமலே இவ்வாறு செலுத்தலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது. இது வியாபாரத்துக்குச் சௌகரியம்; திருடனுக்கும் சௌகரியம். ஆகவே, 'என் இரகசிய எண் எனக்கு மட்டுந்தான் தெரியும்' என்று நிம்மதியாக இருந்துவிடலாகாது. இந்தத் தட்டும் வசதி தமக்குத் தேவையில்லை என்று கருதுவோர் அதை வங்கியின் செயலி மூலமோ கிளையிலோ முன்கூட்டியே அணைத்து வைக்கலாம்.

அட்டையை நிறுத்துவதற்கு வங்கியின் இருபத்துநான்கு மணி நேரத் தொலைபேசி எண் தேவை. அந்த எண் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும். அட்டையோ திருடனிடம்! ஆகவே அந்த எண்ணைப் பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்திலும், வீட்டுச் சுவரிலும், கைப்பேசியிலும் எழுதி வையுங்கள். அவசரத்தில் வலைத்தளத்தில் தேடி அகப்படும் எண்ணை நம்பிப் பேசாதீர்கள். வங்கியின் பெயரில் போலி எண்களை இட்டு ஏமாற்றுவோர் உண்டு.

பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தகராறு வந்தால் இந்த ஒரு வரியே உங்கள் சாட்சி.

பணம் ஏற்கனவே எடுக்கப்பட்டிருந்தால், வங்கிக்குச் சொன்ன கையோடு 1930 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும். இது மின்னணு முறையில் பணம் பறிபோனவர்களுக்காக நாடு முழுவதற்கும் அமைந்த எண். பணம் வேறு கணக்குகளுக்குத் தாவி மறையுமுன் சொன்னால், அதை இடையில் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

காசோலைத் தாள் பையில் இருந்தால், அதன் எண்ணைக் குறிப்பிட்டுப் பணம் கொடுக்காமல் நிறுத்தும்படி வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை எக்காரணம் கொண்டும் பையில் வைத்துக்கொண்டு நடமாடக் கூடாது.

நஷ்டம் யாரைச் சேரும்?

இது பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6இல் வணிக வங்கிகளுக்கும், அதே ஆண்டு டிசம்பர் 14இல் கூட்டுறவு வங்கிகளுக்கும் விதிமுறைகளை அனுப்பியது. அவ்விதிமுறைகளின் சாரம் வருமாறு.

ஒன்று: வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் எந்த நஷ்டமும் வங்கியையே சேரும்.

இரண்டு: வாடிக்கையாளர் தம் இரகசிய எண்ணைப் பிறருக்குத் தெரியும்படி விட்டதுபோன்ற அசட்டையால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை உள்ள நஷ்டம் முழுவதும் அவரையே சேரும். இரகசிய எண்ணைச் சீட்டில் எழுதி அட்டையோடு சேர்த்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று: குறை வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ உள்ளது என்றால், வங்கியின் அறிவிப்புக் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு நஷ்டமே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவர் ஏற்க வேண்டிய தொகைக்கு உச்ச வரம்பு உண்டு. அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு ரூ. 5,000, மற்றச் சேமிப்புக் கணக்குக்கு ரூ. 10,000 என்று அது வகுக்கப்பட்டது. அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும்.

வாடிக்கையாளரே பொறுப்பாளி என்று மெய்ப்பிக்கும் கடமை வங்கியைச் சார்ந்தது என்பதையும் அவ்விதிமுறை கூறுகிறது. ஒருவருடைய வழக்கு எந்தப் பிரிவில் விழும் என்பது விவரங்களைப் பொறுத்தது. இவ்வகை விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதும் உண்டு. ஆகவே கிளையில் நடப்பு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று மாறாதது: முந்திச் சொன்னவருக்கு நஷ்டம் குறைவு.

இரண்டாவது வேலை: போலீஸில் எழுதிக் கொடுத்தல்

'இரண்டாயிரம் ரூபாய்க்காகவா போலீஸ் நிலையம் போவது?' என்று கேட்பவர்கள் பலர். பணத்துக்காக மட்டும் போகச் சொல்லவில்லை. நாளை உங்கள் ஆதார் நகலைக் காட்டி ஒருவன் சிம் வாங்கினாலோ, உங்கள் பெயரில் கடன் வாங்கினாலோ, 'அந்த அட்டை இன்ன தேதியில் என்னிடமிருந்து திருட்டுப் போயிற்று' என்று காட்ட உங்களிடம் ஒரு காகிதம் வேண்டாமா? அந்தக் காகிதத்துக்காகவே போக வேண்டும்.

மனுவில் நாள், நேரம், இடம், பையின் நிறம், அதிலிருந்த ஒவ்வொரு பொருள் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். 'தொலைந்து போயிற்று' என்பது வேறு, 'திருடப்பட்டது' என்பது வேறு. ஆவணம் தொலைந்ததற்குத் தமிழ்நாடு போலீஸின் இணையச் சேவையிலேயே பதிந்து சான்று பெறலாம். திருட்டு என்பதோ குற்றம். ஆகவே உண்மையில் நடந்தது எதுவோ அதையே எழுதுங்கள். சட்டைப் பை கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தால் அச்சட்டையையும் காட்டுங்கள்.

2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 173ஆம் பிரிவு நமக்குச் சில உரிமைகளைத் தருகிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் தரலாம். திருச்செந்தூரில் பறிகொடுத்து ஏரல் வந்து சேர்ந்தவர் ஏரலிலேயே எழுதிக் கொடுக்கலாம். அது உரிய நிலையத்துக்கு அனுப்பப்படும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் விவரத்தை எழுதி மாவட்டப் போலீஸ் சூப்பரிண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதிலும் பலன் இல்லையெனில் மாஜிஸ்டிரேட்டை நாடலாம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நம் மாநிலத்தில் சி.எஸ்.ஆர். ரசீது தரும் வழக்கம் உண்டு. ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

முத்துநகர் விரைவு வண்டி போன்ற ரயிலில் களவு போனால், 139 என்ற எண்ணுக்குச் சொல்லி, ரயில்வே போலீஸில் பதிய வேண்டும். ஊர் வந்து சேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது வேலை: சங்கத்துக்குத் தெரிவித்தல்

இதைத்தான் நம் அங்கத்தினர் பலரும் மறந்துவிடுகிறார்கள். நகைக்கடன் ரசீது, வைப்பு ரசீது, அங்கத்தினர் பாஸ் புத்தகம், பங்குச் சான்று ஆகியவற்றில் எது பையில் இருந்தாலும் அன்றே, அல்லது மறுநாள் சங்கம் திறந்தவுடன், செயலாளரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கடன் எண், தேதி, தொகை, நகையின் விவரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 'நான் நேரில் வந்து கையெழுத்திட்டாலன்றி யாரிடமும் நகையை ஒப்படைக்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்து, அதன் நகலில் தேதியிட்ட முத்திரை பெறுங்கள். பின்னர் போலீஸ் ரசீதையும் உறுதிப் பத்திரத்தையும் பெற்றுக்கொண்டு சங்கம் நகல் ரசீது வழங்கும்.

கிராமத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் வங்கியைப் போல் இரவு பகலாகத் தொலைபேசியில் காத்திருக்கும் ஸ்தாபனம் அன்று. அதன் காவல் நம் செயலாளரின் நினைவும் பேரேட்டில் எழுதும் ஒரு குறிப்புமே. எம்முடைய நகைக்கடன் ரசீது விஷயத்தில், மறுநாள் காலை பேரேட்டில் சிவப்பு மையில் அந்தக் குறிப்பு ஏறியதைக் கண்ட பிறகே வீட்டாருக்கு உறக்கம் வந்தது. சங்கிலி இன்று வீட்டில் இருக்கிறது.

நெசவாளர் அடையாள அட்டை போனவர்கள் சங்கத்தின் வாயிலாகக் கைத்தறித் துறை அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். கிசான் கடன் அட்டை போன விவசாயிகள் அதை வழங்கிய வங்கிக்கோ சங்கத்துக்கோ உடனே சொல்ல வேண்டும். அதுவும் பணம் எடுக்கும் அட்டையே. துறைமுகத்தில் வேலை செய்யும் நம் குடும்பத்தார் நுழைவுச் சீட்டைப் பறிகொடுத்தால், அதை வழங்கிய அலுவலகத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். பிறர் கையில் அது சிக்கினால் துறைமுகப் பாதுகாப்புக்கே ஊறு. மீனவர் அடையாள அட்டைக்கும் இதே விதி. அதை இழந்தவர்கள் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.

நான்காவது வேலை: மற்ற அட்டைகள்

ஆதார்: அட்டை மட்டும் கையில் இருப்பதால் ஒருவன் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட முடியாது, அதற்கு விரல் ரேகையோ, உங்கள் கைப்பேசிக்கு வரும் எண்ணோ தேவை. ஆயினும் விரல் ரேகையைப் போலியாகப் பயன்படுத்தி மோசடி செய்வோர் இருப்பதால், ஆதாரின் செயலியிலோ வலைத்தளத்திலோ 'உயிரியல் அடையாளப் பூட்டு' இட்டுக்கொள்வது நலம். வேண்டும்போது திறந்துகொள்ளலாம். உதவிக்கு 1947 என்ற எண். மின் ஆதாரை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அச்சிட்ட அட்டைக்குச் சிறு கட்டணம் உண்டு.

பான் அட்டை: நகலுக்கு விண்ணப்பிப்பது எளிது. ஆனால் இந்த எண்ணைக் கொண்டு உங்கள் பெயரில் எவரேனும் கடன் வாங்கியிருக்கிறார்களா என்று இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது அவசியம். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக அறிக்கை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்துள்ளது.

குடும்ப அட்டை: 1967 என்ற எண்ணில் தெரிவித்து, இ-சேவை மையத்திலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ நகல் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

வாக்காளர் அட்டை: 1950 என்ற எண்ணில் விவரம் பெறலாம்.

ஓட்டுநர் உரிமம்: வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் இணையச் சேவையில் நகல் பெறலாம். அதுவரை, அரசாங்கத்தின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள உரிமத்தைக் காட்டலாம், அது செல்லுபடியாகும்.

கைப்பேசியும் சேர்ந்து போனால்

அப்போது வரிசை சற்று மாறும். முதலில் வேறொருவர் கைப்பேசியிலிருந்து சிம் நிறுவனத்தை அழைத்துச் சிம்மை முடக்க வேண்டும். ஏனெனில் வங்கி அனுப்பும் ஒரு தடவைக் கடவு எண்கள் அந்தச் சிம்முக்கே வருகின்றன. அடுத்து வங்கியில் சொல்லி அட்டையையும், யு.பி.ஐ. பணப்பரிமாற்றத்தையும் நிறுத்துங்கள். பிறகு போலீஸ் புகாரின் நகலோடு 'சஞ்சார் சாத்தி' என்னும் மத்திய அரசுச் சேவையில் கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்து கருவியையே முடக்கலாம். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் அந்த எண் தெரியும். இன்றே அழுத்திப் பார்த்துப் பாஸ் புத்தகத்தில் குறித்து வையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் உள்ளன என்பதையும் அதே சேவையில் அறியலாம்.

இரண்டாம் திருட்டு

பை போன இரண்டொரு நாளில் ஒரு தொலைபேசி வரலாம். 'உங்கள் பை கிடைத்திருக்கிறது. நான் போலீஸ் நிலையத்திலிருந்து பேசுகிறேன்' என்பான் ஒருவன். 'உங்கள் அட்டையை நிறுத்த வேண்டும். வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்' என்பான் மற்றொருவன். உங்கள் பெயரும் விலாசமும் பையிலிருந்த அட்டைகளிலிருந்தே அவனுக்குத் தெரிந்திருக்கும். மனம் கலங்கியிருக்கும் வேளையில் மூழ்குபவன் துரும்பைப் பற்றுவதுபோல் அந்தக் குரலைப் பற்றிக்கொள்வோம். எந்த வங்கியும் எந்தப் போலீஸும் இரகசிய எண்ணையோ கடவு எண்ணையோ கேட்பதில்லை. பேச்சை நிறுத்தி, நிலையத்துக்கு நேரில் சென்று விசாரியுங்கள்.

வருமுன் காத்தல்

நம் பாட்டிமார்கள் சுருக்குப் பையை இடுப்பில் செருகி அதன் மேல் முந்தானையைச் சுற்றினார்கள். அதில் உள்ள புத்தி நம் பின்பாக்கெட்டில் இல்லை. குலசேகரன்பட்டினம் தசரா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், சந்தை நாள், போனஸ் பட்டுவாடா நாள் ஆகிய வேளைகளில் உள்பாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். பணத்தை இரண்டு இடமாகப் பிரித்து வையுங்கள். திரும்பிவரும் பஸ் செலவு தனியாக இருக்கட்டும். அன்றைக்குத் தேவையான ஓர் அட்டை போதும். மற்றவை வீட்டில் இருக்கட்டும். ரசீதுகளைப் பணம் கட்டும் நாளன்று மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

பழைய முத்துச் சலாபத்தில் கரை சேர்ந்த சிப்பியை வேலியிட்ட கொட்டிலுக்குள் கொண்டு சென்று, பங்கு பிரித்து எண்ணிய பிறகே வெளியே விடுவார்களாம். எண்ணாத பொருளுக்குக் காவல் இல்லை. அதுபோல் உங்கள் பையை இன்றிரவே தரையில் கொட்டி, உள்ளதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் எண்ணையும், நிறுத்தச் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். இரகசிய எண்ணை மட்டும் எழுத வேண்டாம். அந்தத் தாளை வீட்டுப் பெட்டியில் வைத்து, வீட்டாருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சங்க அலுவலகச் சுவரிலும், இப்பகுதி வங்கிகளின் அட்டை நிறுத்தும் எண்களையும், 1930, 112 ஆகிய எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத அங்கத்தினர் ஓடிவந்தால், அவருக்காகத் தொலைபேசியில் பேசவும் மனு எழுதித் தரவும் ஒருவரை நியமியுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். அந்த மச்சானாகச் சங்கம் இருக்கட்டும்.

பறிகொடுத்தது குற்றமன்று, அதற்காக வெட்கப்பட வேண்டியவன் எடுத்தவனே. ஆகவே அன்பர்களே, பை போனால் தலை குனிந்து தேடிக்கொண்டிராமல், உடனே கயிற்றைச் சுண்டுங்கள்.